ஈயமூக்குத் தோட்டா

பெரியவர் கெணத்துல விழுந்துட்டாருன்னு போன் வந்தப்ப நான் தோசைக்கல்லுல முட்டைய ஒடச்சு ஊத்தியிருந்தேன். அடுப்ப அமத்துனேனா இல்லையான்னு பாதி ரோட்டுல சந்தேகம் வந்துச்சு. வண்டியத் திருப்பல.

பெரியவர்னா மனுசன் இல்ல. ஒத்தைக் காட்டுமாடு. காளை. தோள் ஒசரமே என் தலைக்கு மேல இருக்கும். முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் மாட்டுன மாதிரி இருக்கும். கூட்டத்துல எளசு ஏதாவது முட்டி வெளிய தள்ளியிருக்கும்னு எங்க ரேஞ்சர் சொல்லுவாரு. மலைய விட்டு எறங்கி, ரோடெல்லாம் தாண்டி, அன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் நடுவுல இருக்குற தைலமரக் காட்டுக்கு வந்து சேந்துருச்சு. வந்தது வந்ததுதான். திரும்பிப் போற வழி அதுக்கு மறந்துபோச்சோ என்னமோ.

நான் பாரஸ்ட் கார்டு. பேரு பிளெஸ்ஸி. சொந்த ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரத்துக்கு மேல, ரப்பர் தோட்டத்துக்குள்ள. வேல கெடச்சதும் போஸ்டிங் இங்க போட்டாங்க. எங்க ஊருல எந்தப் பக்கம் திரும்புனாலும் மரமும் தண்ணியுமா இருக்கும். இங்க செம்மண்ணு, பாறை, வெயிலு. என் வேலை பெரியவர் பின்னாலயே போறது. அது ஆளுகள முட்டிறாம, ஆளுக அத எதுவும் பண்ணிறாம பாத்துக்கணும். அப்பப்ப குரூப்புல லொக்கேசன் போடணும்.

அன்னவாசல்ல ஒரு மாடி ரூமு. கீழ்வீட்டு அம்மா வாடகை வாங்குற அன்னைக்கு மட்டும் பேசும். நான் வாயத் தொறந்தா மளிகைக் கடைக்காரரு, "மேடம் கேரளாவா?"ம்பாரு. இல்லண்ணே, நாகர்கோயில் பக்கம்னு சொன்னா, "அதான பாத்தேன், அதான பாத்தேன்"னு சிரிப்பாரு. அதனால பேச்சக் கொறச்சுக்கிட்டேன். எங்க ஊருப் பேச்ச நான் பேசுனது ரெண்டு பேருகிட்ட. சாயங்காலம் போன்ல எனக்க அம்மைகிட்ட. பகல்ல பெரியவர்கிட்ட. ஒரு மரத்துக்கு இந்தாண்ட நின்னுக்கிட்டு, "லேய் மக்களே, அங்கோட்டு போகாத, கம்பி கெடக்கு"ம்பேன். எங்க ஊருல புள்ளைய 'மக்களே'ன்னுதான் கூப்புடுவோம். ரெண்டு காதும் என் பக்கம் திரும்பும். அம்புட்டுத்தான். ஆனா திரும்புமில்ல.

இந்தப் பக்கத்து ஜனங்க மாட்டு விசயத்துல ஒரு மாதிரி. ஊருக்கு ஊரு கோயில்காளை இருக்கும். யாரு வயல்ல மேஞ்சாலும் கை ஓங்க மாட்டாங்க. செத்தா மனுசனுக்குச் செய்யிற அத்தனையும் செய்வாங்க, கொட்டு வச்சு, மாலை போட்டு, கோடித்துணி போத்தி. பெரியவர் வந்த கொஞ்ச நாள்லயே, அதுவும் ஊருக் கோயில்காளையும் ஒரே கண்மாயில பக்கத்துல பக்கத்துல தண்ணி குடிச்சத யாரோ பாத்துட்டாங்க. முடிஞ்சு போச்சு. அதுவும் சாமி மாடு ஆயிருச்சு. கடலைக் கொல்லைய மிதிச்சு நாசம் பண்ணுனாலும், "பெரியவர் வாய் வச்சா வெளையும்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நட்டஈடு கேட்டுக்கூட ஒருத்தரும் ஆபீஸ் பக்கம் வரல.

இதுல எல்லாருக்கும் மேல நாகராசு அண்ணன். தன் தோட்டத்துக் கெணத்துக்குப் பக்கத்துல கல்லுத்தொட்டியில தெனமும் தவிடும் புண்ணாக்கும் கரைச்சு வைப்பாரு.

"அண்ணே, காட்டு மிருகத்துக்கு இதெல்லாம் வைக்கக் கூடாது. பழகிரும்"னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்.

"பழகட்டுமே மேடம். ஒங்களுக்கும் ஒரு வாளி கரைக்கச் சொல்லவா? ஆளு காத்தாடி மாதிரி இருக்கீங்க."

பெரியவரும் பொழுது சாஞ்சா நேரா அந்தத் தொட்டிக்குத்தான் போகும். ரெண்டு நாளா நல்ல மழை. அந்தக் கெணறு மேல செம்மண்ணு, கீழ முழுக்கக் கருங்கல்லுப் பாறை. ஊறிப்போன கரையில அத்தனை கனம் ஏறி நின்னா என்ன ஆகும். ராத்திரி எந்நேரமோ தொட்டியோட சேந்து சரிஞ்சிருச்சு.

நான் போறப்ப ரேஞ்சர் முத்துராஜ் சாரும், மாட்டு டாக்டரம்மாவும் வந்துட்டாங்க. கிரேன் ஒண்ணும் நின்னுச்சு. ஊருசனத்த, நாகராசு அண்ணனையும் சேத்து, ரோட்டுப் பக்கமே தடுத்து வச்சிருந்தாங்க. எட்டிப் பாத்தேன். கணுக்கால் அளவு தண்ணி. பெரியவர் முன்னங்காலை ஊணி எந்திரிக்கப் பாக்குது. பின்பக்கம் ஒரு சாக்கு மாதிரி கெடக்குது. ஒரு கொம்பு ஒடஞ்சு தொங்குது.

டாக்டரம்மா கயித்தக் கட்டி பாதி தூரம் எறங்கிப் பாத்துட்டு வந்தாங்க. "முதுகெலும்பு போச்சு. பின்னங்காலுல உணர்வே இல்ல. கிரேன்ல தூக்குனா வலிதான் கூடும். தூக்கியும் பொழைக்காது."

"மயக்க ஊசி சார்?"னு நான் கேட்டேன்.

"ஊசி போடுற டீம் யானை வேலைக்குப் போயிருக்காங்க. நாளைக்கு மதியம் ஆகும்"னாரு ரேஞ்சர்.

நாளை மதியம் வரைக்கும் அது அந்தக் குழிக்குள்ள எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்துக்கிட்டே இருக்கணும். டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க, ரேஞ்சர் மேலதிகாரிககிட்ட பேசுனாரு. மதியத்துக்கு முன்னாடியே ஆர்டர் வந்துருச்சு. சுட்டு முடிச்சிரலாம்னு.

எதால சுடுறது? எங்க ரைபிள் கட்டை ஒடஞ்சு சர்வீசுக்குப் போயிருந்துச்சு. ஆபீஸ்ல இருந்தது குரங்கு வெரட்டுற துப்பாக்கி. அதால அதோட தோலக்கூட கிழிக்க முடியாது. கடைசியில திருமயம் பக்கத்துல சோலையப்பன் செட்டியார்கிட்ட லைசென்ஸ் ரைபிள் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு, அவரையே எடுத்துக்கிட்டு வரச் சொல்லி அனுமதி வாங்குனாரு ரேஞ்சர். அப்புறம் என்னைப் பாத்தாரு.

"ஏம்மா பிளெஸ்ஸி, டிரெயினிங்ல சூட்டிங்குல நீதான பர்ஸ்ட்டு?"

"அது பேப்பர் சார்."

"இதுவும் அசையாதேம்மா"ன்னுட்டாரு. சொன்ன ஒடனே அவரே மொகத்தத் திருப்பிக்கிட்டாரு.

வேற யாராச்சும் ஒருத்தன் வந்து, கை நடுங்கி, தாடையில சுட்டு, கழுத்துல சுட்டு... அத நெனச்சுப் பாத்தேன். ஒரே குண்டுல முடியணும். இருட்டுறதுக்குள்ள முடியணும். எனக்கு வேற எதுவும் ஓடல.

சோலையப்பன் அண்ணன் கார்ல வந்து எறங்குனாரு. வெள்ளை வேட்டி, கையில துணி சுத்துன ரைபிள். பிரிச்சா, பழைய லீவர் ரைபிள். விசைக்குக் கீழ இரும்பு வளையம் ஒண்ணு இருக்கும். அதக் கீழ தள்ளி மேல இழுத்தா ஒரு தோட்டா வெளிய விழுந்து அடுத்தது உள்ள ஏறும். குழலுக்கு அடியில இன்னொரு குழல். அதுக்குள்ள தோட்டாவெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா, ரயில்பெட்டி மாதிரி நிக்கும்.

"எங்க அப்பச்சி மலேயாவுல இருந்து கொண்டாந்தது"ன்னாரு. அவங்க அப்பாவத்தான் அப்படிச் சொல்றாரு. "நான் இதால ஒரு காக்காயக்கூட சுட்டதில்லைம்மா. எலெக்சனுக்கு எலெக்சன் ஸ்டேசன்ல கொண்டுபோயி ஒப்படைப்பேன், முடிஞ்சதும் திருப்பி வாங்குவேன். இதுக்கும் எனக்கும் உள்ள ஒறவு அம்புட்டுத்தான்."

தோட்டா ரெண்டு வகை கொண்டு வந்திருந்தாரு. ஒண்ணு புதுசு. பளபளன்னு, முழுக்கச் செம்பு மூடுனது, மூக்கு ஊசி மாதிரி கூரு. இன்னொண்ணு அவங்க அப்பச்சி காலத்துது. மொட்டை மூக்கு, நுனியில சாம்பக் கலர்ல ஈயம் தெரியிது. பித்தளை பச்சை பூத்துப் போயிருந்துச்சு.

"புதுசையே போடுவமே"ன்னாங்க டாக்டரம்மா.

"அதுல ஒரு சங்கட்டம் இருக்கு"ன்னாரு சோலையப்பன் அண்ணன். "கூரு மூக்க இந்தக் குழலுக்குள்ள வரிசையா போடப்பிடாதும்பாரு அப்பச்சி. பின்னாடி உள்ளதோட மூக்கு முன்னாடி உள்ளதோட குண்டியில குத்திக்கிட்டே நிக்கும். அதிர்ச்சியில உள்ளயே வெடிச்சாலும் வெடிக்குமாம். ஒண்ணு சுட்டுட்டு, கையால இன்னொண்ணு போட்டு, அப்புறம் சுடணும்."

ரேஞ்சர் கெணத்துக்குள்ள பாத்தாரு. "அது மட்டுமில்ல. செம்பு மூக்கு உருவிக்கிட்டு அங்கிட்டுப் போயி பாறையில படும். வட்டக் கெணறு. திரும்பி யாரு நெத்தியில ஏறும்னு சொல்ல முடியாது."

ஈயமூக்கு அப்படிப் போகாது. உள்ள போனதும் பூவா விரிஞ்சு அங்கயே நின்னுரும். ஆனா அது வெடிக்குமா? அதுதான் கேள்வி. அத்தனை வருசம் டப்பாவுக்குள்ள கெடந்தது. நான் ஒவ்வொண்ணா துணியால தொடச்சுப் பாத்தேன். சிலதுக்கு வெடிப்பு விட்டிருந்துச்சு, தூக்கிப் போட்டேன். சிலதக் காதுகிட்ட வச்சு ஆட்டுனா மருந்து சலசலன்னுச்சு, அத வச்சுக்கிட்டேன். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஏதோ உயிர் இருக்குற மாதிரி பட்டுச்சு.

சுட்டுப் பாக்காமத் தெரியாதுன்னு ரேஞ்சர் சொன்னாரு. ரெண்டு வயல் தள்ளி ஒரு மண்கரை. அங்க போயி நின்னு, மொதத் தோட்டாவ அமுக்குனேன். வெடிச்சுச்சு. தோள்ல ஒரு இடி. ரெண்டாவது, டிக்குன்னுச்சு. செத்தது.

"பாதிக்குப் பாதி"ன்னாரு ரேஞ்சர்.

"லீவர் இருக்குல்ல சார். ஒண்ணு செத்தா அடுத்தத இழுத்துக்கலாம். ஈயமூக்கையே போடுறேன்."

அப்படிப் பேசிக்கிட்டு இருக்கும்போதே கத்துற சத்தம் கேட்டுச்சு. வெடிச் சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்துருச்சு. முன்னாடி நாகராசு அண்ணன்.

"சுட்டுட்டீங்களா? எங்களக் கேக்காம சுட்டுட்டீங்களா?"

"இல்லண்ணே, தோட்டாவத்தான் சுட்டுப் பாத்தோம்."

"சாமி மாட்டச் சுடுறதுக்கு ஒத்திகை வேறயா?" நேராப் போயி கெணத்து விளிம்புல காலத் தொங்கப்போட்டு ஒக்காந்துட்டாரு. "மொதல்ல எனக்கு வைங்க குண்ட. தவிடு வச்சவன் நாந்தான?"

"யோவ், சரியிற கரைய்யா அது, எந்திரி! போலீசக் கூப்புடுவேன்"னு ரேஞ்சர் சத்தம் போட்டாரு.

"கூப்புடுங்க சார். அவுக துப்பாக்கியாச்சும் பாக்குற மாதிரி இருக்கும். இது என்ன, மியூசியத்துல இருந்து தூக்கியாந்ததா?"

கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. சோலையப்பன் அண்ணன் ரைபிள வேட்டி மறைவுல வச்சுக்கிட்டாரு, பாவம்.

நான் போயி நாகராசு அண்ணன் பக்கத்துல ஒக்காந்தேன். பேச்சு எனக்கு வராது. கீழ பெரியவர் எந்திரிக்கிறத விட்டிருச்சு. தலைய மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு.

"அண்ணே, எல்லாரையும் கொஞ்சம் கம்முனு இருக்கச் சொல்லுங்க. கேளுங்க."

அவரு கையத் தூக்குனதும் சத்தம் அடங்குச்சு. கெணத்துக்குள்ள இருந்து, ஆட்டுக்கல்லுல வெறுங்கல்லு சுத்துற மாதிரி ஒரு சத்தம் மேல வந்துச்சு. நறநறன்னு. நிக்குது, திரும்ப வருது.

அவரு மொகம் மாறிப்போச்சு. "பல்லக் கடிக்கிது."

"ஆமாண்ணே."

"எப்ப இருந்து?"

"நான் வந்ததுல இருந்து."

மாடு வளக்குறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மாடு கத்துனாக்கூட பசி, தாகம், கன்னு ஞாபகம்னு எதையாச்சும் சொல்லலாம். பல்லக் கடிச்சா தாங்க முடியலன்னு அர்த்தம். அவரு பொண்டாட்டி சின்னப்பிள்ளை அக்கா கூட்டத்துல இருந்து வந்து அவரு தோளத் தொட்டுச்சு.

"எந்திரிங்க. ஒங்களுக்கா தெரியாது. இன்னும் எம்புட்டு நேரம் அவரப் பல்லக் கடிக்க விடுவீங்க?"

எந்திரிச்சாரு. துண்ட வாயில வச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் ரேஞ்சரப் பாத்து, "சார், எரிக்கப்பிடாது. எங்கயும் தூக்கிட்டுப் போகப்பிடாது. எந் தோட்டத்துலயே பொதைக்கணும். செய்மொறையெல்லாம் செய்வோம். தடுக்கப்பிடாது"ன்னாரு. ரேஞ்சர் டாக்டரம்மாவப் பாத்தாரு. அவங்க, நான் அறுத்துப் பாத்து எழுதுனதுக்கு அப்புறம், எங்க கண்ணு முன்னாடி பொதைச்சா சரின்னாங்க.

கூட்டத்துல ஒரு பெருசு இழுத்துச்சு. "எல்லாஞ் சரி. பொறந்த எடத்துக் கோடி யாரு போடுறது? அது இல்லாம எப்புடி மண்ணுல வைக்கிறது? இவரு எந்த ஊருன்னே தெரியாதே."

சின்னப்பிள்ளை அக்கா என்னையப் பாத்துச்சு. யூனிபாரத்த, தொப்பிய, ஷூவ, எல்லாத்தையும் பாத்துச்சு.

"ஏத்தா, நீ மலைப்பக்கத்துப் புள்ளதான?"

"ஆமாக்கா. ஆனா அது வேற மலை."

"மலைக்கு மலை என்னாத்தா வேத்துமை. அவரும் அத்துவானத்துல இருந்து வந்தாரு, நீயும் அப்புடித்தான். தெனமும் அவரு பின்னாலயே திரிஞ்சவ நீ. நீயே போடு."

"அக்கா, நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. அதுவும் சுடப்போறதே நாந்தான். சுட்டவளே கோடி போடுறதா?"

"அதுக்குத்தான் சொல்றேன். யாரோ சுட்டதா இருக்கப்பிடாது. ஒறவுக்காரி கையாலயே போகட்டும்."

சரின்னு தலைய மட்டும் ஆட்டுனேன்.

கரை சரியாத பக்கமாப் பாத்து ஒரு பலகையப் போட்டு, அதுல குப்புறப் படுத்தேன். ரேஞ்சர் என் பெல்ட்டப் புடிச்சுக்கிட்டாரு. எல்லாரையும் தூரத் தள்ளி நிறுத்துனாங்க. நல்லதாத் தேறுன ஈயமூக்கு நாலையும் ஒவ்வொண்ணா குழலுக்குள்ள தள்ளுனேன். லீவர இழுத்து ஒண்ண மேல ஏத்துனேன்.

பெரியவர் தலை தொங்கிக் கெடந்துச்சு. மேல இருந்து பாத்தா ரெண்டு கொம்புக்கு நடுவுல இருக்குற மேடுதான் தெரியிது. அங்க சுட்டா எலும்புல வழுக்கிரும். மொகம் தூக்கணும், நெத்தி தெரியணும். டாக்டரம்மா எடத்த என் நெத்தியிலயே விரலால தொட்டுக் காமிச்சிருந்தாங்க.

கூப்புட்டேன்.

"லேய். மக்களே. இஞ்ச பாரு."

காது திரும்புச்சு. அப்புறம் தலை மெல்லத் தூக்கி வந்துச்சு. கண்ணு ரெண்டும் என் மேல. சேறு அப்பிக் கெடந்துச்சு.

அமுக்குனேன். டிக்.

அசையக் கூடாது. சில பழைய தோட்டா லேட்டா வெடிக்கும்னு டிரெயினிங்ல சொல்லியிருக்காங்க. அப்படியே புடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அது என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. என் வாய் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்துச்சு. "ஒண்ணுமில்ல மக்களே, ஒண்ணுமில்ல, அங்கனயே இரு." என்ன பேசுனேன்னு முழுசா நெனவில்ல. லீவர இழுத்தேன். செத்த தோட்டா தண்ணிக்குள்ள விழுந்து சின்னதா ஒரு சத்தம். அதுக்கும் தலையத் திருப்பல.

ரெண்டாவது வெடிச்சுச்சு.

கெணத்துக்குள்ள சுட்டா சத்தம் வெளிய போகாது போல. சுத்திச் சுத்தி என் மொகத்துலயே வந்து அறஞ்சுச்சு. பொகை கலைஞ்சப்ப தலை தண்ணியில சாஞ்சிருந்துச்சு. அந்த நறநற சத்தம் இல்ல. டாக்டரம்மா எறங்கிப் போயி, கண்ணத் தொட்டுப் பாத்து, கையக் காமிச்சாங்க. ரேஞ்சர் என்னைத் தூக்கி நிறுத்தி, "நல்லாப் பண்ணுனம்மா"ன்னாரு. நான் லீவர இழுத்து மிச்சத் தோட்டாவ வெளிய எடுத்தேன்.

கிரேன் தூக்குறதுக்குள்ள சோலையப்பன் அண்ணன் என்னை அன்னவாசலுக்குக் கார்ல கூட்டிப் போனாரு. ஜவுளிக் கடையில வேட்டி கேட்டேன்.

"நாலு மொழமா, எட்டு மொழமா?"ன்னாரு கடைக்காரரு.

"பெரிய ஆளு. எட்டு மொழமே குடுங்க."

யூனிபாரத்துல சேறப் பாத்துட்டு, "துக்கத்துக்கா? யாருங்க?"ன்னாரு.

"எங்க ஊருக்காரரு."

திரும்பி வர்றப்ப பொழுது சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. டாக்டரம்மா வேலை முடிச்சுத் தச்சுட்டாங்க. கொம்பையும் சேத்துப் பொதைக்கணும்னு ரேஞ்சர் எழுதிக்கிட்டாரு. ஜேசிபி பெரிய குழியா வெட்டியிருந்துச்சு. கொட்டுக்காரங்க ரெண்டு பேரு மெல்ல அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஊருக் கோடியெல்லாம் ஏற்கனவே மேல கெடந்துச்சு. துண்டு, மாலை, மஞ்சத் தண்ணி. கழுத்துப் பக்கம் மட்டும் எடம் விட்டு வச்சிருந்தாங்க. எனக்காக.

எட்டு மொழம் பத்தல. கழுத்தச் சுத்தி நெஞ்சு வரைக்குந்தான் வந்துச்சு. தோல் இன்னும் சூடா இருந்துச்சு. அத்தனை மாசம் பின்னால திரிஞ்சும் நான் அதத் தொட்டதே இல்ல. தொடக் கூடாது, ரூலு. கையக் கொஞ்ச நேரம் அங்கயே வச்சிருந்தேன். யாரும் அவசரப்படுத்தல.

மண்ணத் தள்ளுனதுக்கு அப்புறம் சின்னப்பிள்ளை அக்கா என் கையப் புடிச்சு ஒரு ஓரமா ஒக்கார வச்சுச்சு. ஏன்னு புரியல. ஒரு அம்மா வந்து குனிஞ்சு என் ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சுச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போச்சு. அடுத்து ஒருத்தி. அப்புறந்தான் புரிஞ்சுச்சு, எங்கிட்ட துக்கம் கேக்குறாங்க. ஒருத்தி என் தோளுல சாஞ்சு நெசமாவே அழுதுச்சு. அவ வீட்டுல யாரு செத்திருந்தாங்களோ. இந்த மாவட்டத்துக்கு வந்ததுல இருந்து பஸ்ஸுல இடிச்சத விட்டா என்னைய யாரும் தொட்டதில்ல. அன்னைக்கு எத்தனை கைன்னு தெரியல. சிலது மண்ணு ஒட்டுன கை, சிலது மஞ்ச வாசம் அடிக்கிற கை. நான் ரேஞ்சர் பாப்பாரேன்னுகூட நெனைக்கல. அழுதேன்.

நாகராசு அண்ணன் கடைசியா வந்தாரு. கையப் புடிக்கல. முன்னாடி குத்தவச்சு ஒக்காந்து, "நான் வச்சிருக்கக் கூடாது மேடம்"னாரு.

"பசிக்கு வச்சீங்கண்ணே"ன்னேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு.

கெளம்பணும்னு எந்திரிச்சு, "வாரேங்க்கா"ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். சின்னப்பிள்ளை அக்கா டக்குன்னு என் வாயப் பொத்திருச்சு. எழவுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது. எங்க ஊருலயும் அப்படித்தான். மறந்துட்டேன்.

வண்டிய ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போயி, அங்கதான் ஸ்டார்ட் பண்ணேன். கை அதுவா தைலமரக் காட்டுப் பக்கம் திருப்பிருச்சு. தெனமும் பெரியவர் எங்க படுத்திருக்குன்னு பாத்துட்டுத்தான் ரூமுக்குப் போவேன். பாதி தூரம் போனதுக்கு அப்புறந்தான் ஒறைச்சுச்சு. நிறுத்துனேன். ரூமுக்குப் போற வழி எனக்குத் தெரியும். அங்க போயி என்ன செய்யிறதுன்னுதான் தெரியல. வண்டி லைட்டப் போட்டுக்கிட்டு அந்த எடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன்.